கூட்டுக்கிளியின் கடி, கத்தல், இறகு பிடுங்கல்: எதை முதலில் சரிசெய்வது

கிளி கடிக்கத் தொடங்கியதும் அநேகமானோர் நேராகக் கடியில்தான் கைவைக்கிறார்கள். கையுறை போடுகிறார்கள், அதட்டுகிறார்கள், செட்டையை வெட்டுகிறார்கள். இரண்டு கிழமையில் கிளி முன்பைவிட மோசமாகிவிடுகிறது. வரிசை பிழைத்துப்போவதுதான் காரணம். நோயுள்ள கிளியைப் பழக்க முடியாது. உறக்கம் போதாத கிளி எதற்கும் சீறும். பயந்த இடத்தில் தொங்கும் கூட்டுக்குள் எந்தப் பயிற்சியும் ஏறாது. ஆகவே கீழே உள்ளவற்றை இலக்க வரிசையிலேயே செய்யுங்கள். உங்கள் பிரச்சினை கடிதான் என்றாலும் 9ஆம் படிக்குத் தாவ வேண்டாம்.

ஒரு சொல் விளக்கம். எங்கள் யாழ்ப்பாணக் கடைகளில் 'லவ்பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி. அது அவுஸ்திரேலியப் பறவை, நீண்ட வால், சிறிய சொண்டு. உண்மையான லவ்பேர்ட் ஆபிரிக்கப் பறவை. வால் கட்டை, சொண்டு பெரிது, கடியும் பலம். தலையில் கொண்டை வைத்திருப்பது கொக்கட்டீல். இந்த மூன்றையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். பனைப்பொந்தில் எடுத்த நாட்டுக் கிளிக்குஞ்சை யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். நாட்டுப் பறவை ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி, பேனை. கிராம் காட்டும் டிஜிற்றல் சமையல் தராசு. தினைக்கதிர், கிடைக்காவிட்டால் சூரியகாந்தி விதை. நுனி மழுக்கிய நீளமான ஈர்க்கு ஒன்று. தடிப்பில் வித்தியாசமான கொய்யாக் கொப்புகள் மூன்று நான்கு. கூட்டை மூட மெல்லிய பருத்திச் சீலை.

இவ்வளவும் ஒரு நாளில் சேர்த்துவிடலாம். சேர்த்த பிறகு தொடங்குங்கள். பாதி வழியில் தராசு தேடி ஓடினால் ஒரு கிழமைக் கணக்கு வீணாகும்.

2. நோயா என்று முதலில் பாருங்கள்

கிளி தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமானதைத்தான் வல்லூறு குறிவைக்கும் என்பதால் அது அதன் பிறவிக்குணம். நோய் வெளியே தெரியுமுன் குணம் மாறும். கைக்கு வந்த கிளி திடீரென்று கடித்தால், பேசிய கிளி திடீரென்று அமைதியானால், பழக்கம் கெட்டுவிட்டது என்று எடுக்காதீர்கள்.

விடிய, சாப்பாடு வைக்குமுன், கிளியைத் தராசில் நிறுத்துங்கள். தராசின் மேல் ஒரு சிறு கொப்பைக் கட்டி வைத்தால் ஏறி நிற்கும். ஏறாத கிளியை மூடியுள்ள சிறு பெட்டியில் விட்டு நிறுத்து, பெட்டியின் நிறையைக் கழியுங்கள். பட்ஜி ஏறத்தாழ 30 முதல் 40 கிராம், கொக்கட்டீல் 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். பொது அளவைவிட உங்கள் கிளியின் வழமையான நிறைதான் முக்கியம். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காதீர்கள். 90 கிராம் கொக்கட்டீல் 81க்கு இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும்.

எச்சத்தையும் பாருங்கள். கூட்டின் அடியில் வெள்ளைக் கடதாசி விரித்தால் நன்றாகத் தெரியும். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, பகலில் இறகைப் பொம்மிக்கொண்டு இரண்டு காலிலும் நின்று தூங்குவது, கூட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பது ஆகிய மூன்றும் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள். போகுமுன் பறவை பார்ப்பாரா என்று தொலைபேசியில் கேளுங்கள். ஆடு மாடே அதிகம் பார்க்கும் இடங்களில், பறவையோடு பழகிய ஒருவரின் பெயரை அவர்களே சொல்லி அனுப்புவதுண்டு.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த படி.

3. கூட்டின் இடத்தை மாற்றுங்கள்

நான் பார்க்கப்போன வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிரச்சினை கூட்டுக்குள் இருக்கவில்லை. கூடு தொங்கிய இடத்தில் இருந்தது.

விறாந்தையின் நடுவில், நாலு பக்கமும் திறந்தபடி கூடு தொங்கினால் கிளிக்கு முதுகு காட்ட ஒரு பக்கமும் இல்லை. காகம் ஒரு பக்கம், பூனை இன்னொரு பக்கம். கூட்டின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். உயரம் உங்கள் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் இடையில். நிலத்தில் வைத்தால் பயம். முகட்டில் தொங்கினால் உங்களோடு பழகாது.

குசினியில் வைக்கவே கூடாது. நொன்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் வாயு மனிதருக்கு மணக்காமலே பறவையின் நுரையீரலை அழித்துவிடும். நிமிடங்களில் கிளி இறந்துபோகும். நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் அதற்கு ஆகாது. வெள்ளிக்கிழமை தூபம் போடும் வீடென்றால் கூட்டை அந்த நேரம் வேறு அறைக்கு மாற்றுங்கள்.

தகரம் அல்லது சீற் போட்ட விறாந்தை பங்குனி, சித்திரையில் அடுப்பாகிவிடும். கிளி சொண்டைத் திறந்து மூச்சுவாங்கி, செட்டையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் அது சூட்டில் தவிக்கிறது. அந்த நேரத்தில் கை நீட்டினால் கடி நிச்சயம். சோளகக் காற்று நேராக அடிக்கும் வாசலும் வேண்டாம். காற்று வந்துபோகும் நிழலான மூலைதான் தேவை.

கூட்டின் நீளம் உயரத்தைவிடக் குறையக்கூடாது, ஏனென்றால் கிளி பக்கவாட்டில்தான் பறக்கும். ஒரு கொக்கட்டீலுக்கு 24 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம் என்பது ஆகக்குறைந்த அளவு. கம்பி இடைவெளி பட்ஜிக்கு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வட்டக்கூடு அழகாகத் தெரியும், ஆனால் அதில் ஒதுங்க ஒரு மூலை இல்லை. புதிய, நாக (சிங்க்) முலாம் பூசிய கம்பிக் கூட்டை வினாகிரியும் தண்ணீரும் கலந்து பிரஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கம்பியைக் கடிக்கும் கிளியின் உடம்பில் நாகம் சேர்ந்தால் நஞ்சு.

கடையில் வந்த ஒரே தடிப்பான பிளாஸ்டிக் தடியைக் கழற்றிவிட்டு கொய்யா அல்லது வேப்பங்கொப்பைப் பட்டையோடு போடுங்கள். ஒரே தடிப்பில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வரும். கால் நோகும் கிளி உங்கள் விரலில் ஏற விரும்பாது. கண்ணாடி தொங்கினால் கழற்றுங்கள். தன் விம்பத்தைத் துணையென்று நம்பும் பட்ஜி உங்களை எதிரியாகப் பார்க்கத் தொடங்கும்.

இடம் மாற்றிய பிறகு மூன்று நாள் கிளியை அதன்பாட்டில் விடுங்கள்.

4. உறக்கம்

10 முதல் 12 மணித்தியாலம் தொடர்ந்த இருட்டும் அமைதியும். நான் இதைச் சொன்னவுடன் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஆனால் கூடு ரீவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாடகம் முடிய இரவு 10 மணி. விடிய 5 மணிக்குக் கோயில் பாட்டு. கிளிக்குக் கிடைப்பது 7 மணித்தியாலம். பின்னேரம் அது சிடுசிடுப்பதில் என்ன அதிசயம்?

இரவு 7 மணிக்கு வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். அறை இல்லாவிட்டால் மூன்று பக்கத்தைப் பருத்திச் சீலையால் மூடி, காற்றுக்கு ஒரு பக்கம் திறந்து விடுங்கள். இந்த ஒன்றை மட்டும் சரிசெய்து, 10 நாளில் கத்தல் பாதியாகக் குறைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

5. சாப்பாடு

வெறும் தினையும் சூரியகாந்தியும் போட்டால் கிளி கொழுக்கும், ஆனால் விற்றமின் ஏயும் கல்சியமும் கிடைக்காது. தோலும் இறகும் கெடும். கடிக்கும் பிடுங்கலுக்கும் அது ஒரு தொடக்கம்.

எங்கள் வளவிலேயே நல்ல தீனி இருக்கிறது. முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம், பூசணி, கரட், முளைவிட்ட பயறு, அவித்த சோளம், கொய்யாப்பழம். பச்சைமிளகாயும் கொடுக்கலாம், மிளகாயின் உறைப்பு பறவைக்குத் தெரியாது. கல்சியத்துக்குக் கணவாய் ஓடு. கடற்கரையில் பொறுக்கியதென்றால் இரண்டு மூன்று நாள் நன்னீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, நன்றாகக் காயவைத்துக் கூட்டில் கட்டுங்கள்.

வெங்காயம், ஆனைக்கொய்யா, சொக்லேற், தேத்தண்ணி, கோப்பி எதையும் கொடுக்காதீர்கள். 'ஒரு வாய்தானே' என்று இடியப்பமும் சம்பலும் வைக்கும் அம்மம்மாமார் எங்கள் ஊரில் நிறைய. அன்பாகத்தான் செய்கிறார்கள். சம்பலில் வெங்காயமும் உப்பும் இருப்பதை அவர்களுக்குப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

விதை தின்றே பழகிய கிளி இலையைச் சாப்பாடு என்றே அறியாது. விதையை ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடந்து செத்தாலும் சாகும். விடிய இலையும் பழமும், இரண்டு மணித்தியாலம் கழித்து விதை என்று தொடங்கி நாலைந்து கிழமை எடுங்கள். தினமும் நிறுத்துப் பாருங்கள். தராசு வாங்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்க்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவதால் வெள்ளைப் படிவு விழும். அதன்மேல் வழுவழுப்பு ஏறினால் கிருமி தங்கும்.

6. ஒரு கிழமை எழுதுங்கள்

கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முன்னால் என்ன நடந்தது, கிளி என்ன செய்தது, பின்னால் அதற்கு என்ன கிடைத்தது. நேரத்தையும் குறியுங்கள். இந்தக் கிழமையில் எதையும் திருத்த வேண்டாம்.

கொக்குவிலில் ஒரு பொடியன் எழுதிய பக்கம் இன்னும் நினைவிருக்கிறது. 'பின்னேரம் 4.10. அப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். கத்தியது. அப்பா கூட்டடிக்குப் போய் என்னடா என்று கேட்டார்.' அடுத்த நாள் 4.15, அதே. அதற்கடுத்த நாள் அப்பா வரப் பிந்தியது, 4.10இலிருந்து 4.40 வரை விடாமல் கத்தியது. 'காரணமில்லாமல் கத்துது அண்ணை' என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவன், நாலாம் நாள் கொப்பியைப் பார்த்துவிட்டுத் தானே சொன்னான்: 'அப்பாவைக் கூப்பிடுது.'

கிளி எதையும் வஞ்சத்துக்காகச் செய்வதில்லை. செய்ததன் பின்னால் அதற்கு ஏதோ கிடைக்கிறது, அல்லது பிடிக்காத ஒன்று விலகுகிறது. மூன்றாம் நிரலில் அது எழுதப்பட்டிருக்கும். அந்த நிரலைத்தான் நீங்கள் மாற்றப்போகிறீர்கள்.

7. உடம்பு சொல்வதைப் படியுங்கள்

கடி எச்சரிக்கை இல்லாமல் வருவதில்லை. கொக்கட்டீலின் கொண்டை சற்றே பின்னால் சாய்ந்து தளர்ந்திருந்தால் ஆறுதலாக இருக்கிறது. விறைத்து நிமிர்ந்தால் எதையோ கண்டு திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு ஒட்டப் படிந்து, உடம்பு முன்னால் சாய்ந்து, சீறல் வந்தால் அடுத்தது கடி.

பட்ஜிக்கும் லவ்பேர்டுக்கும் கொண்டை இல்லை. உடம்பு ஒடுங்கி இறகு இறுகினால் பயம். சொண்டு திறந்து கழுத்து நீண்டால் விலகச் சொல்கிறது. கண்மணி சுருங்கி விரிந்தால் கிளர்ச்சியில் இருக்கிறது, கையைக் கொடுக்காதீர்கள். சொண்டை மெல்ல அரைக்கும் சத்தம் கேட்டால் தூக்கம் வருகிறது. அது நல்ல அறிகுறி, ஆனால் பழக்கும் நேரமல்ல.

8. கைக்குப் பழக்குதல்

இந்தப் படிக்கு அவசரம் ஆகாது. சில கிளிக்கு இரண்டு கிழமை, சிலதுக்கு நாலு மாதம். நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 5 நிமிடம், கிளி இன்னும் ஆசையோடு இருக்கும்போதே நிறுத்துங்கள். விடிய முதற்சாப்பாட்டுக்கு முன் வைத்தால் தினைக்கு மதிப்பிருக்கும். அதற்காகப் பட்டினி போடக்கூடாது.

முதலில் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை மெல்லிய குரலில் வாசியுங்கள். கிளியை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். முன்பக்கம் இரண்டு கண்ணும் குவித்துப் பார்ப்பது வேட்டைப் பிராணிகளின் பார்வை. நீங்கள் இருக்கும்போதே அது சாப்பிட்டால், இறகு கோதினால், அடுத்ததுக்குப் போகலாம்.

பிறகு கம்பிக்கு வெளியே நின்று தினைக்கதிரின் நுனியை நீட்டுங்கள். ஓடிப்போனால் தினைக்கதிரை அப்படியே வைத்துக்கொண்டு இருங்கள், துரத்தாதீர்கள். வந்து கொறிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் கதிரைக் கொஞ்சம் குறுக்கிப் பிடியுங்கள். கை கிட்ட வரும்.

அடுத்தது ஈர்க்கு. நுனியைக் கிளிக்கு ஒரு சாண் தூரத்தில் காட்டுங்கள். கிளி எட்டி சொண்டால் தொட்டவுடன் நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு, உடனே ஒரு விதை கொடுங்கள். சத்தத்துக்கும் விதைக்கும் இடையில் இரண்டு விநாடிக்கு மேல் போகக்கூடாது. நாலைந்து நாளில் கிளி ஈர்க்கைத் தேடி வரும். இதன் பயன் பெரியது. கிளியைப் பிடிக்காமலே, தள்ளாமலே இந்தக் கொப்பிலிருந்து அந்தக் கொப்புக்கு வரவைக்கலாம், கூட்டுக்குத் திரும்பப் போகவைக்கலாம். கையைப் பற்றிய பயம் வளர இடமே இல்லை.

பிறகுதான் விரல். கதவைத் திறந்து விரலைக் கொப்புப் போலக் கிடையாக, கிளியின் வயிற்றுக்குக் கீழே, காலுக்குச் சற்று மேலே வையுங்கள். ஈர்க்கை விரலுக்கு அப்பால் காட்டுங்கள். தொட வேண்டுமென்றால் விரலில் ஏற வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஏறுமுன் கிளி சொண்டால் விரலைப் பிடித்துப் பார்க்கும். அது கடி அல்ல. மரத்தில் ஏறும்போதும் சொண்டால் கொப்பைப் பிடித்து உறுதி பார்த்துத்தான் காலை வைக்கும். நாம் பதறிக் கையை இழுக்கிறோம். கிளியின் கணக்கில் கொப்பு ஆடிவிட்டது. அடுத்த முறை ஆடாமல் இருக்க இறுக்கிப் பிடிக்கும், அது நமக்கு வலிக்கும், மறுபடி இழுக்கிறோம். பத்தே நாளில் உண்மையான கடி பிறந்துவிடுகிறது. உங்கள் கையை மேசையின் விளிம்பில் ஊன்றிப் பழகுங்கள். இழுக்க நினைத்தாலும் கை ஆடாது.

துவாயால் போர்த்திப் பிடிப்பது, கூட்டுக்குள் கையைவிட்டுச் சுற்றிச் சுற்றித் துரத்துவது, தடித்த கையுறை போடுவது எல்லாம் இதுவரை பழக்கியதை அழிக்கும். செட்டையை வெட்டுவதும் அப்படித்தான். பறந்து தப்ப முடியாத கிளிக்கு எஞ்சியிருப்பது சொண்டு ஒன்றுதான்.

9. கடி

மேலே உள்ளவற்றைச் செய்த பிறகு எஞ்சும் கடி கொஞ்சமாகத்தான் இருக்கும். கொப்பியைப் பாருங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரை? கூட்டுக்குள் கை வரும்போது மட்டும் கடித்தால் அது தன் இடத்தைக் காக்கிறது. ஈர்க்கால் வெளியே வரவழைத்த பிறகு பாத்திரம் மாற்றுங்கள். ஒருவர் தோளில் இருக்கும்போது மற்றவரைக் கடித்தால் தோளில் ஏற்றுவதை நிறுத்துங்கள். தோளில் நிற்கும் கிளியின் முகத்தை உங்களால் பார்க்க முடியாது.

கடித்த அந்த நேரத்தில் சத்தம் போடாதீர்கள். சொண்டில் தட்டாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள், கையை உதறாதீர்கள். சத்தம் சில கிளிக்கு விளையாட்டு, சிலதுக்குப் பயம். இரண்டும் கடியைத்தான் வளர்க்கும். பேசாமல் பக்கத்துக் கொப்பில் இறக்கிவிட்டு, 10 அல்லது 15 விநாடி மறுபக்கம் திரும்பி நில்லுங்கள். பிறகு இலகுவான ஒன்றைச் செய்யவிட்டு விதை கொடுத்து முடியுங்கள். கடித்ததும் கூட்டில் அடைப்பது தண்டனை என்று நினைக்கிறோம். கூட்டுக்குப் போகத்தான் அது கடித்ததென்றால், கேட்டதைக் கொடுத்ததாகிவிடும்.

10. கத்தல்

விடியவும் பொழுதுபடும் நேரமும் 10, 20 நிமிடம் கத்துவது கிளியின் இயல்பு. காட்டிலும் அந்த இரண்டு நேரமும் கூட்டத்தைத் தேடிக் கூப்பிடும். அதை நிறுத்த முயலாதீர்கள். நிறுத்த வேண்டியது உங்களை வரவழைக்கும் கத்தலை.

அதற்கு மாற்றாக ஒரு சத்தத்தைக் கொடுங்கள். நீங்கள் வேறு அறையில் இருக்கும்போது கிளி மெல்லிய விசிலோ ஒரு சொல்லோ எழுப்பினால் உடனே அதே சத்தத்தில் பதில் கொடுங்கள், முடிந்தால் வந்து ஒரு விதையும் கொடுங்கள். கீச்சிட்டால் பதிலே வேண்டாம். எட்டிப் பார்க்கவும் வேண்டாம், 'சத்தம் போடாதே' என்றும் சொல்ல வேண்டாம். அதட்டலும் அதற்கு ஒரு பதில்தான். கத்தல் நின்று மூன்று நாலு விநாடி அமைதி வந்தபின் உள்ளே போங்கள்.

முதல் சில நாள் கத்தல் கூடும். வழமையாக வேலை செய்த சாவி இன்று திறக்கவில்லை என்றால் நாமும் பலமாகத்தானே திருகுவோம். அந்த நாட்களைத் தாண்டினால் இறங்கும். நாலாம் நாள் ஒருவர் மனமிரங்கி பிஸ்கற் கொடுத்தால், நாலு நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும் என்று கிளி படித்துவிடும். என் முதல் கொக்கட்டீலுக்கு இதை நானே படிப்பித்தேன். பிறகு அதை மறக்கச்செய்ய ஐந்து மாதம் பிடித்தது, அந்த ஐந்து மாதமும் பாவம் அதற்கும் கஷ்டம்தான். ஆகவே தொடங்குமுன் வீட்டார் எல்லோரையும் இருத்திச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு சொல் சொல்லிவையுங்கள், இரண்டு கிழமை பொறுக்கும்படி.

அத்தோடு வேலை கொடுங்கள். காட்டுக் கிளிக்குப் பகலின் பெரும்பகுதி தீனி தேடுவதில் போகிறது. கூட்டுக்கிளிக்கு அது பாத்திரத்தில் வந்து நிற்கிறது. விதையைப் பச்சைப் பனையோலையில் பொதிந்து முடிந்து தொங்கவிடுங்கள். காய்ந்த தென்னம்பாளைத் துண்டு, சாயம் பூசாத ஓலைப் பின்னல், குரும்பட்டியில் துளையிட்டுச் சொருகிய முருங்கைக் கொப்பு எல்லாம் கிழித்து விளையாட நல்லவை. மாரியில் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும்; இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள். புதிய பொருளை முதலில் கூட்டுக்கு வெளியே ஒரு நாள் வைத்துக் காட்டிய பிறகு உள்ளே போடுங்கள், இல்லாவிட்டால் பயப்படும்.

துணைக்கு இன்னொரு கிளி வாங்கினால் கத்தல் நிற்கும் என்பது பிழையான எண்ணம். பெரும்பாலும் இரண்டு கிளி கத்தும். வேறு காரணத்துக்காக வாங்கினாலும் புதியதை ஒரு மாதமாவது வேறு அறையில், வேறு பாத்திரத்தில் வைத்து நோய் இல்லையென்று பார்த்த பிறகு சேருங்கள்.

11. இறகு பிடுங்கல்

முதலில் இது பிடுங்கலா, இறகு உதிர்தலா என்று பிரித்தறியுங்கள். உதிர்ந்தால் முழு இறகு கீழே கிடக்கும், அந்த இடத்தில் ஊசி போலப் புது இறகு முளைத்திருக்கும். பிடுங்கினால் நெஞ்சிலும் காலிலும் வெறும் தோல் தெரியும், நுனி கடித்த இறகும் கிடக்கும்.

அடுத்தது தலையைப் பாருங்கள். தன் தலையைக் கிளியால் எட்ட முடியாது. உடம்பு மொட்டை, தலை மட்டும் வடிவாக இருந்தால் தானே பிடுங்குகிறது. தலையும் மொட்டையென்றால் கூட்டாளிக் கிளி பிடுங்குகிறது, அல்லது நோய். செள்ளு இருக்கிறதா என்று இரவில் கூட்டுக்கு வெள்ளைச் சீலை போர்த்தி, விடிய அதில் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றனவா என்று பாருங்கள்.

பிடுங்கலுக்கு வைத்தியரைக் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மனிதருக்கான களிம்பு எதையும் பூசக்கூடாது. எண்ணெய் பட்ட இறகு ஒட்டிப்போய் உடம்புச் சூட்டைக் காக்காது, கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

நோய் இல்லையென்றால் மருந்து உறக்கமும், தீனியும், கிழிக்க ஓலையும், கிழமைக்கு மூன்று நாலு தரம் குளிப்பும்தான். ஆறவைத்த கொதித்த நீரை ஸ்பிரே போத்தலில் எடுத்து, தலைக்கு மேலே மழைத்தூறல் போல விழவிடுங்கள். முகத்தில் நேராக அடிக்காதீர்கள். விடிய அடித்து, காலை வெயிலில் பாதி நிழலோடு வைத்து, காகத்துக்கும் பூனைக்கும் காவலாகப் பக்கத்திலேயே இருங்கள். பிடுங்கும் நேரத்தில் ஓடிப்போய்த் தடுத்தால் அதுவும் ஒரு பரிசாகிவிடும்.

12. மாரியில் வரும் மாற்றம்

பட்ஜியும் கொக்கட்டீலும் தங்கள் நாட்டில் மழை பெய்து புல் விதை பெருகும்போது முட்டையிடுபவை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கிளிகள் மூலையைத் தேடி, கடதாசியைக் கிழித்து, கை கிட்ட வந்தால் சீறுவதைப் பார்க்கலாம். கெட்டுப்போகவில்லை. கூடுகட்டும் எண்ணம் வந்திருக்கிறது.

குஞ்சு வேண்டாமென்றால் கூட்டுக்குள் உள்ள முட்டிப்பானையை எடுத்துவிடுங்கள். தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள்; முதுகையும் வால் அடியையும் தடவுவது அதற்கு இணைசேரும் அழைப்பு. அவித்த, மிருதுவான தீனியைக் குறையுங்கள், உறக்கத்தை 12 மணித்தியாலமாக்குங்கள்.

முட்டையிட்டால் உடனே எடுத்து எறியாதீர்கள். எடுத்தால் குறை நிரப்ப மறுபடி இடும், உடம்பிலுள்ள கல்சியம் வற்றும். மூன்று கிழமையளவில் தானே கைவிடும், பிறகு எடுங்கள். பெட்டைக்கிளி இறகு பொம்மி, அடித்தளத்தில் இருந்து முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைபட்டிருக்கலாம். அது ஒரு சில மணித்தியாலத்தில் உயிர் போகும் விடயம்.

13. இரவில் அடித்துக்கொள்ளும் கொக்கட்டீல்

நடுச்சாமத்தில் கூட்டுக்குள் படபடவென்று அடித்துச் செட்டையில் இரத்தம் வருவது கொக்கட்டீலுக்கே அதிகம். முழு இருட்டில் எலி ஓடினாலோ, பல்லி விழுந்தாலோ, வெடிச்சத்தம் கேட்டாலோ எங்கே பறப்பதென்று தெரியாமல் கம்பியில் மோதும். 4ஆம் படியில் இருட்டு என்று சொன்னாலும், கொக்கட்டீலுக்கு மட்டும் மங்கலான ஒரு ஸீரோ பல்ப் எரியட்டும். கரண்ட் போனால் அதுவும் அணையும். சார்ஜ் லைற் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். இரவில் விதைப் பாத்திரத்தை எடுத்துவிட்டால் எலி வராது, எலியைத் தேடிப் பாம்பும் வராது.

அடித்துக்கொண்டால் கையைவிட்டுப் பிடிக்காதீர்கள். விளக்கைப் போட்டு, கூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நின்று வழமையாகப் பேசும் சொல்லைச் சொல்லுங்கள். அடங்கிய பிறகு செட்டையைப் பாருங்கள். முளைவிடும் இறகு முறிந்து இரத்தம் வந்தால் கோன் ஃப்ளவர் மாவைத் தொட்டு, சுத்தமான பஞ்சால் ஓரிரு நிமிடம் அழுத்துங்கள். நிற்காவிட்டால் வைத்தியர். தீபாவளி, வருடப்பிறப்பு, பக்கத்துக் கோயில் திருவிழா என்றால் பின்னேரமே கூட்டை உள்ளறைக்கு எடுத்து யன்னலைச் சாத்தி, நீங்களும் அந்த அறையில் படுத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் நிறையை எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள், அன்று பயிற்சி வேண்டாம்.